தொண்ணூற்றொன்பதுக்குக் காவல் நின்றவள்

மூன்று வருடங்களுக்கு முன்னால், பங்குனி மாதம், ஈஸ்டருக்கு முந்தின லெந்து உபவாச நாட்கள் நடந்துகொண்டிருந்த சமயம். கோவில்பட்டியில் இருந்து பசுவந்தனை போகிற ரோட்டில், ஊர் வருவதற்கு முன்னாலேயே பஸ்ஸை விட்டு இறங்கி, உள்ளே நடந்து போகிற ஒரு கரிசல் காட்டில் இது நடந்தது. என் வீட்டுக்காரரைத் தவிர இந்த ஊரில் யாரிடமும் முழுதாகச் சொன்னதில்லை. எழுதினால் மனசு லேசாகும் என்று நினைத்து எழுதவில்லை. அப்படி லேசாகாது என்று எனக்குத் தெரியும். அதையும் பின்னால் சொல்கிறேன்.

நான் பத்தாவது வரை படித்தவள். அப்பா தீப்பெட்டி ஆபீஸில் வேலை பார்த்தார். தீப்பெட்டி செய்கிற இடத்தை எங்கள் பக்கம் ஆபீஸ் என்றுதான் சொல்வார்கள். கல்யாணம் ஆகிறவரைக்கும் நானும் அங்கே உட்கார்ந்து பெட்டிக்குள் குச்சி அடைத்தவள்தான். வீட்டில் ஆடு, மாடு எதுவும் வளர்த்ததில்லை. காடு என்றால் பஸ் ஜன்னல் வழியாகப் பார்த்ததோடு சரி. கரிசல் சீமையிலேயே பிறந்து வளர்ந்தும் காலில் கரிசல் ஒட்டாத ஜென்மம் என்று என் வீட்டுக்காரர் கேலி செய்வார். அவர் ரோட்டோரத்தில் பஞ்சர் கடை வைத்திருக்கிறார். இரண்டு பெண்பிள்ளைகளையும் கட்டிக் கொடுத்தாயிற்று. பகல் முழுக்க வீட்டில் நானும் வேதாகமமும்தான்.

சபைப் பத்திரிகையில் சின்னச் சின்னக் கதைகள் எழுதியிருக்கிறேன். நாலு பேர் நன்றாக இருக்கிறது என்று சொன்னார்கள். அந்த நாலு பேர் சொன்னதை வைத்துக்கொண்டு ஒரு நாவல் எழுதலாம் என்று ஆசை வந்துவிட்டது. இயேசு சொன்ன உவமை ஒன்று உண்டு. ஒருவனுக்கு நூறு ஆடுகள் இருக்கின்றன. அதில் ஒன்று காணாமல் போகிறது. அவன் மற்ற தொண்ணூற்றொன்பதையும் வனாந்தரத்தில் விட்டுவிட்டு அந்த ஒன்றைத் தேடிப் போகிறான். கண்டுபிடித்ததும் தோளில் போட்டுக்கொண்டு சந்தோஷமாக வீட்டுக்கு வருகிறான். சின்ன வயதில் ஓய்வுநாள் பள்ளியில் கேட்டதில் இருந்து அந்த மனிதன் என் மனதைவிட்டுப் போகவில்லை. அவனுக்குப் பெயர் என்ன, வீடு எங்கே, பெண்டாட்டி இருந்தாளா, அன்றைக்கு என்ன சாப்பிட்டுவிட்டுப் போனான், எதுவும் வேதத்தில் இல்லை. அதை நான் எழுதுவேன் என்று முழங்காலில் நின்று ஜெபம் பண்ணிவிட்டு ஆரம்பித்தேன்.

மூன்று அத்தியாயம் எழுதி வீட்டுக்காரரிடம் வாசித்துக் காட்டினேன். பொறுமையாகக் கேட்டுவிட்டுச் சொன்னார்: “எல்லாம் சரிதான். ஆனா உன் ஆடு எல்லாம் சோப்புப் போட்டுக் குளிச்ச மாதிரி இருக்கே. கேலண்டரப் பாத்து எழுதினியா?”

கோபம் வந்தது. ஆனால் அவர் சொன்னது நிஜம். எங்கள் வீட்டு நடுச்சுவரில் தொங்குகிற கேலண்டரில் நல்ல மேய்ப்பன் தோளில் ஆட்டைப் போட்டுக்கொண்டு நிற்பார். என் கதையில் இருந்தது அந்த ஆடுதான். ஆடு எப்படி நடக்கும், எப்போது படுக்கும், எதற்குப் பயப்படும், ஒன்றும் எனக்குத் தெரியாது. போதகர் ஐயாவிடம் வேதாகம அகராதி இரவல் வாங்கி வந்தேன். வேதாகமத்தின் பின்பக்கத்து வரைபடத்தில் யூதேயா வனாந்தரத்தை விரலால் தடவித் தடவிப் பார்த்தேன். போனில் அந்த ஊர்ப் படங்கள் வந்தன. மழையில்லாத மேடு, முள்மரம், கல்லு, வெயில். பார்த்ததும், இது நம்ம பக்கத்துக் காடு மாதிரி அல்லவா இருக்கிறது என்று தோன்றியது. ஒரு நாற்பது பக்க நோட்டு வாங்கி, மேலே ‘பின்னணி’ என்று எழுதி, கேள்விகளை வரிசையாகப் போட்டேன். ஏழாவது கேள்வி இதுதான்: தொண்ணூற்றொன்பதையும் எந்த மாதிரி இடத்தில், யார் பொறுப்பில் விட்டுவிட்டுப் போனான்?

வீட்டுக்காரர் கடைக்கு மொபெட் பஞ்சர் பார்க்க வருகிற ஒருவர் ஆடு வைத்திருந்தார். ஐம்பத்தைந்து வயது இருக்கும். பரம்பரையாகவே ஆடு மேய்க்கிற குடும்பம். அவரும் அவர் மனைவியும் அறுபத்து நாலு செம்மறி வைத்து மேய்த்தார்கள். கல்யாணத்தின்போது சீதனமாக வந்த ஐந்து பெட்டை ஆட்டில் இருந்து பெருகிய மந்தை அது. அறுப்பு முடிந்த காட்டில் பகலில் மேய விட்டு, ராத்திரிக்கு யாராவது சம்சாரியின், அதாவது விவசாயியின், நிலத்தில் மந்தையை அடைத்துக் கிடை மறிப்பார்கள். ஆட்டுப் புழுக்கை நிலத்துக்கு உரம்.

முதல் நாள் நோட்டும் பேனாவுமாக நான் போய் நின்றதும், அந்த அண்ணாச்சி என்னை மேலும் கீழும் பார்த்தார். “கவர்மெண்டுல இருந்து கணக்கெடுக்க வந்தியளாம்மா?”

பஞ்சர் கடைக்காரர் வீடு என்றேன். பைபிளில் வருகிற ஆட்டுக்காரனைப் பற்றிக் கதை எழுதுகிறேன் என்றேன். அவருக்குச் சிரிப்புத் தாங்கவில்லை. “ஏட்டி, இங்கன வா. நம்மளப் பத்திக் கத எழுதப் போறாவளாம்” என்று பெண்டாட்டியைக் கூப்பிட்டார்.

அந்த அக்கா வந்து, நோட்டை எட்டிப் பார்த்துவிட்டு, “இவிய ஆட்டோடதான் பேசுவாவ. எங்கிட்டக்கூடப் பேச மாட்டாவ. ஒங்ககிட்டயாவது பேசுதாவளான்னு பாப்போம்” என்றார்.

பேசினார். நாலு தடவை போனேன். ஒவ்வொரு தடவையும் நோட்டில் ஐந்தாறு பக்கம் நிறைந்தது. வெள்ளைத் தோலில் சிவப்புத் திட்டுப் போட்ட ஆட்டை அவர்கள் பொட்டாடு என்று சொல்வார்கள் என்று தெரிந்துகொண்டேன். பஞ்சு மாதிரி ரோமம் எல்லாம் கிடையாது, ஒட்ட வெட்டின தலைமுடி மாதிரிதான் இருக்கும். மத்தியான வெயிலில் ஆடு எல்லாம் ஒன்றின் வயிற்று நிழலில் ஒன்று தலையைக் கொடுத்து நிற்கும் என்பதைப் பார்த்தபோது, இந்த ஒரு வரிக்காகவே வந்தது போதும் என்று இருந்தது. அந்த அக்கா தூக்குவாளியில் கொண்டு வருகிற சோற்றில் எனக்கும் ஒரு பங்கு வைப்பார். வேண்டாம் என்று சொன்னால், “எங்க வீட்டுச் சோறு ஒங்க வேதத்துக்கு ஆகாதோ” என்பார். மூன்று பேரும் உடைமர நிழலில் உட்கார்ந்து சாப்பிடுவோம்.

ஐந்தாவது தடவைதான் அந்த நாள். அக்கா அன்றைக்கு இல்லை. குளத்தூரில் தம்பி மகளுக்குச் சடங்கு என்று போயிருந்தார். அண்ணாச்சி ஒற்றை ஆளாக மந்தையைப் பார்த்துக்கொண்டிருந்தார். நான் நிழலில் உட்கார்ந்து ஏழாவது கேள்வியைக் கேட்டேன். அவர் உவமையை முழுதாகச் சொல்லச் சொல்லிக் கேட்டார். கேட்டுவிட்டுத் தலையை ஆட்டினார்.

“அப்படி எவனும் போமாட்டாம்மா. ஒண்ணத் தேடப் போனா மத்ததுக்கு ஆள் நிப்பாட்டிட்டுத்தான் போவான். நான் போனா எம் பொண்டாட்டி நிப்பா. அவ போனா நான் நிப்பேன். ஒங்க ஆளும் யாரையாச்சும் நிப்பாட்டியிருப்பான். எழுதினவிய அத எழுதாம விட்டிருப்பாவ.”

அகராதியில் இல்லாதது, போதகர் ஐயாவுக்குத் தெரியாதது, எனக்குக் கிடைத்துவிட்டது என்று சந்தோஷம். ஏழாவது கேள்விக்கு எதிரே எழுத ஆரம்பித்தேன்.

எழுதிக்கொண்டிருக்கும்போதே அவர் எழுந்து நின்று மந்தையை ஒரு பார்வை பார்த்தார். எண்ணவில்லை. சும்மா பார்த்தார். “காதறுந்தவளக் காணோமே” என்றார். ஒரு காது பாதி இல்லாத பெட்டை ஆடு. நிறைசினை. குட்டி போடுகிற நேரத்தில் சில ஆடு மந்தையைவிட்டு ஒதுங்கி எங்காவது புதர் மறைவில் போய்ப் படுத்துக்கொள்ளுமாம். அப்படியே விட்டால் நாய் குட்டியைத் தூக்கிவிடும். அவர் தவித்தது முகத்தில் தெரிந்தது. மந்தையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

நான்தான் சொன்னேன். “நான் இருக்கேன் அண்ணாச்சி. நீங்க போயிட்டு வாங்க.”

அவர் யோசித்தார். ஆடு எல்லாம் நிழலில் படுத்து அசை போட்டுக்கொண்டிருந்தது. கையில் இருந்த தொரட்டியை என்னிடம் கொடுத்தார். நீள மூங்கில் கம்பு, நுனியில் வளைந்த அரிவாள், உயரத்தில் இருக்கிற கிளையை இழுத்து ஆட்டுக்குப் போடுவதற்கு. “படுத்துக் கெடக்கு, ஒண்ணும் செய்யாது. எந்திரிச்சா ஒரு சத்தம் குடுங்க போதும். அந்தா அந்த மேகாட்டுக் கடவுக்குள்ள மட்டும் விட்டுராதிய” என்று கையைக் காட்டிவிட்டு ஓடைப் பக்கம் இறங்கிப் போனார்.

அவர் காட்டின இடம் மேற்கே இருந்த ஒரு சோளக்காடு. சுற்றிலும் சீமைக்கருவேல வேலி. உள்ளே போக ஒரே ஒரு கடவு, அதிலும் பெரிய முள்கிளை ஒன்றை வெட்டிப் போட்டு அடைத்திருந்தது. காலையில் வந்ததும் அவர்தான் அதை வெட்டிப் போட்டார் என்பது எனக்குத் தெரியாது. காட்டுக்குச் சொந்தக்காரன் அடைத்தது என்று நினைத்தேன். உள்ளே சோளம் அறுத்து ஒரு மாதம் ஆகியிருந்தது. நடுவில் பெய்த ஒரு மழையில் அறுத்த தாளெல்லாம் மறுபடியும் தழைத்திருந்தது. மறுதாம்பு என்பார்கள். முழங்கால் உயரத்துக்குப் பச்சைக் குருத்து. அதற்கப்புறம் மழை இல்லாமல் வெயிலில் கொஞ்சம் சுருண்டிருந்தது. ஆனாலும் பச்சை. சுற்றுவட்டாரத்தில் கண்ணுக்கு எட்டின தூரம் வரை வேறு பச்சையே கிடையாது.

கையில் தொரட்டியைப் பிடித்துக்கொண்டு நான் நின்றேன். இப்போது நினைத்தால் வெட்கமாக இருக்கிறது. கேலண்டரில் இருக்கிற கோல் மாதிரி அதைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

கொஞ்ச நேரத்தில் ஒரு ஆடு எழுந்தது. அப்புறம் நாலைந்து. அப்புறம் எல்லாம். அவை நேராகப் போய் அந்தக் கடவில் முள்ளுக்கு முன்னால் நின்றுகொண்டன. நான் சத்தம் கொடுத்தேன். திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. பசியில் முள்ளுக்குள் மூக்கை நீட்டி நீட்டிக் கத்தின. விலா எலும்பு எல்லாம் தெரிந்தது.

நடந்ததைக் கூட்டிக் குறைக்காமல் சொல்கிறேன். ஆடுகள் முள்ளைத் தள்ளவில்லை. நான்தான் எடுத்தேன்.

அந்த ஒரு நிமிஷத்தில் என் மனதில் ஓடினது இதுதான். அறுத்த வயலில் மிஞ்சினதை எளியவனுக்கும் பரதேசிக்கும் விட்டுவிட வேண்டும் என்று நியாயப்பிரமாணம் சொல்கிறது. அறுப்பு முடிந்த பிறகும் முள் வெட்டிப் போட்டு அடைத்திருக்கிறானே இந்தக் காட்டுக்காரன், வாயில்லா ஜீவன் நாலு குருத்தைக் கடித்தால் இவனுக்கு என்ன குறைந்துவிடும்? அண்ணாச்சி அவனுக்குப் பயந்துதான் விட வேண்டாம் என்று சொல்லிவிட்டுப் போகிறார். யாராவது கேட்டால் நான் பதில் சொல்லிக்கொள்கிறேன். இப்படி நினைத்துக்கொண்டு, தொரட்டியை முள்ளில் கொளுவி இழுத்து, ஓரமாகப் போட்டேன்.

ஆடுகள் என்னைத் தள்ளிக்கொண்டு உள்ளே ஓடின. அவை கடிக்கிற சத்தம் மழை பெய்கிற மாதிரி இருந்தது. புல்லுள்ள இடங்கள் என்று சங்கீதத்தில் வருவது இதுதானே என்று கண்ணில் தண்ணீர் வந்தது. வேலி ஓரத்தில் உட்கார்ந்து அதை நோட்டில் எழுதினேன். அந்தப் பக்கம் இன்றைக்கும் இருக்கிறது. நல்ல கையெழுத்தில், அடித்தல் திருத்தல் இல்லாமல் எழுதியிருக்கிறேன்.

எவ்வளவு நேரம் என்று தெரியவில்லை. ஒரு பக்கம் நிறைகிற நேரம். தலையைத் தூக்கிப் பார்த்தபோது ஒரு ஆடு குடித்தவன் மாதிரி கால் பின்னி நடந்தது. அப்படியே சாய்ந்தது. வெயில் என்று நினைத்தேன். பக்கத்தில் இன்னொன்று வாயில் நுரை தள்ளிக்கொண்டு முன்னங்காலை மடக்கியது. மூச்சு இரைத்தது. வயிறு உப்பிக்கொண்டு வந்தது. அப்புறம் வரிசையாக. நான் உள்ளே ஓடி விரட்டினேன். அண்ணாச்சி கூப்பிடுகிற மாதிரி நாக்கைச் சுழற்றிக் கூப்பிட்டுப் பார்த்தேன். விழாமல் நின்றவைகூடத் தின்பதை நிறுத்தவில்லை. என் சத்தம் அவற்றுக்குத் தெரியாது. அந்நியனுடைய சத்தத்தை ஆடு அறியாது என்று அதே வேதத்தில்தான் வாசித்திருக்கிறேன்.

முழங்காலில் விழுந்து ஜெபம் பண்ணினேன். ஜெபம் பண்ணிக்கொண்டிருக்கும்போதும் விழுந்துகொண்டே இருந்தன.

அப்போதுதான் அவர் வந்தார். ஓடைக் கரையில் ஏறி வந்துகொண்டிருந்தார். தோளில் அந்தப் புதுக்குட்டி, ஈரம் காயாமல். காதறுந்த ஆடு குட்டியை மோந்துகொண்டே பின்னால் வந்தது. அவர் முகம் முழுக்கச் சிரிப்பு. தூரத்தில் இருந்தே, “பெட்டக்குட்டிம்மா” என்று என்னிடம் சத்தமாகச் சொன்னார்.

எத்தனையோ வருடம் சுவரில் பார்த்த படம், உயிரோடு என் கண் முன்னால் நடந்து வந்தது. நான் அந்தப் பக்கமாகக் கையை நீட்டினேன். என்ன சொன்னேன் என்று ஞாபகம் இல்லை.

குட்டியைக் கீழே வைத்துவிட்டு அவர் ஓடின ஓட்டம் அந்த வயதில் யாரும் ஓட முடியாது. அவர் கூப்பிட்டதும் நிற்கிற ஆடெல்லாம் தலையைத் தூக்கிப் பின்னால் வந்தது. ஒரே ஒரு சத்தம்தான் கொடுத்தார். அடுத்த காடுகளில் இருந்து ஆட்கள் ஓடி வந்தார்கள். யாரோ கருப்பட்டி கரைத்துக் கொண்டுவந்தார்கள், யாரோ மோர். ஆட்டின் வாயைப் பிளந்து ஊற்றினார்கள். என்னைத் தலையைப் பிடித்துக்கொள்ளச் சொன்னார்கள். நான் பிடித்துக்கொண்டிருந்த சினையாடு ஒன்று அப்படியே அடங்கியது. அது அடங்கின பிறகும் அதன் வயிற்றுக்குள் குட்டி கொஞ்ச நேரம் அசைந்துகொண்டிருந்தது. என் முழங்கையில் அந்த அசைவு பட்டது. அதற்கு மேல் அதைப் பற்றி எழுத என்னால் முடியவில்லை.

போன் செய்ததும் கால்நடை டாக்டர் வேறு ஊர் முகாமில் இருந்து மோட்டார் சைக்கிளில் விரைந்து வந்தார். கையில் இருந்த மருந்தை எல்லாம் போட்டார். சிலது பிழைத்தன. “மழையில்லாமச் சுருண்ட சோளக்குருத்து முழுக்க விஷம்ல. எப்படி உள்ள விட்டீங்க?” என்று கேட்டார். இந்தச் சீமையில் சின்னப் பிள்ளைகளுக்குக்கூடத் தெரிந்த விஷயம் அது. அதனால்தான் அண்ணாச்சி காரணம் சொல்லவில்லை. இதைத் தெரியாத ஒருத்தி கோவில்பட்டிக்குள்ளேயே இருப்பாள் என்று அவர் எப்படி நினைப்பார்?

ஓடி வந்தவர்களில் ஒருவன், “ஆளுக்குப் பஞ்சம்னு நோட்டு எழுதுத அம்மாவக் காவலுக்கு நிப்பாட்டினீராக்கும்” என்று அவரைக் குத்திப் பேசினான்.

அவர் கடவுக்குப் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தார். அங்கே கிடந்த முள்ளைப் பார்த்தார். தலையைக் குனிந்துகொண்டு, காலால் மண்ணைத் தேய்த்தபடியே சொன்னார்: “ஏலே, சும்மா கெட. அவிய என்ன செய்வாவ? பசிச்ச ஜீவன், முள்ள முட்டித் தள்ளிட்டுப் போயிருக்கு.”

நான் வாயைத் திறக்கவில்லை. நான்தான் எடுத்தேன் என்று சொல்ல நாக்கு வரவில்லை. அத்தனை பேர் நின்றார்கள். பயம். அதைவிட, அவர் சொன்ன காரணம் எனக்கு வசதியாக இருந்தது. இயேசுவைத் தெரியாது என்று பேதுரு மூன்று தரம் மறுதலித்த இடத்தை வாசிக்கும்போதெல்லாம், நானாக இருந்தால் சொல்லியிருப்பேன் என்று நினைத்தவள் நான்.

இருபத்தேழு ஆடுகள். செய்தி கேட்டு இறைச்சிக்கு வாங்கிப் போக வண்டியில் இரண்டு பேர் வந்துவிட்டார்கள். “வெசத்தத் தின்னத ஊரான் பிள்ளைக்கு விக்கவா? போங்கலே” என்று அண்ணாச்சி அனுப்பிவிட்டார். ஜேசிபி வந்து ஓடைக்கரையில் குழி எடுத்தது. ஒவ்வொன்றையும் அவரே தூக்கிக் கொண்டுபோய் வைத்தார். யாரையும் தொட விடவில்லை. குளத்தூரில் இருந்து சடங்கு வீட்டுச் சேலையோடு அந்த அக்கா வந்து இறங்கியபோது குழியில் பாதி மண் விழுந்திருந்தது. அவர் அழவில்லை. கடவுப் பக்கம் ஒருமுறை பார்த்தார், என்னைப் பார்த்தார். “நான் இங்கன நின்னிருக்கணும்” என்று மட்டும் சொன்னார்.

என் வீட்டுக்காரர் வந்து என்னை அழைத்துப் போனார். அன்றைக்கே அவரிடம் உண்மையைச் சொன்னேன். அவர், “அந்தாள்கிட்ட சொல்லிரு” என்றார். நாளைக்கு, நாளைக்கு என்று தள்ளினேன். ஈஸ்டர் வந்தது, போனது. நாவலைப் பீரோவுக்கு அடியில் தள்ளினேன். உபவாசம் இருந்தேன். ஜெபக்கூட்டத்தில் சாட்சி சொல்லக் கூப்பிட்டபோது எழுந்து வெளியே வந்துவிட்டேன். மிஞ்சின ஆட்டை வைத்து மந்தையைத் தூக்கி நிறுத்த முடியாமல், அவர்கள் எல்லாவற்றையும் கைமாற்றி விட்டுவிட்டு, குளத்தூர்ப் பக்கம் கரிமூட்டம் போடுகிற வேலைக்குப் போய்விட்டதாக வீட்டுக்காரர் கடையில் கேள்விப்பட்டார். அதைக் கேட்ட பிறகும் நான் போக ஆறு மாதம் ஆயிற்று.

கடைசியில் அதற்கு அடுத்த வருடம் புரட்டாசியில் போனேன். அன்றைக்கு நடந்து அப்போதைக்கு ஒன்றரை வருடம் ஆகியிருந்தது. சீமைக்கருவேல விறகை அடுக்கி, மண் போட்டு மூடி, உள்ளுக்குள் எரியவிட்டுக் கரி எடுக்கிற வேலை. புகைக்குள் இருந்து அவர் வந்தபோது எனக்கு அடையாளம் தெரியவில்லை. கண்ணும் பல்லும் தவிர எல்லாம் கருப்பு. அவருக்குத்தான் என்னை முதலில் தெரிந்தது.

“வாங்கம்மா. சொகமா இருக்கியளா? கத முடிஞ்சிட்டா?” என்று கேட்டார்.

அந்த ஒரு கேள்வியில் நான் உடைந்துபோனேன். கதை எழுதவில்லை அண்ணாச்சி என்றேன். நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னேன். முள்ளை ஆடு தள்ளவில்லை, நான் எடுத்தேன், தெரியாமல் செய்தேன், ஆனால் சொல்லாமல் இருந்தது தெரிந்தே செய்தது என்றேன். அவர் முகத்தில் ஒரு மாற்றமும் இல்லை.

“அது அன்னைக்கே தெரியுமேம்மா” என்றார். “ஆடு தள்ளினா முள்ளு உள்ளுக்க போயி விழும். அது வெளிய கெடந்துச்சு. தொரட்டி இழுத்த கோடு மண்ணுல அப்படியே கெடந்துச்சுல்லா.”

அன்றைக்கு அவர் காலால் மண்ணைத் தேய்த்துக்கொண்டு நின்றது அப்போதுதான் எனக்கு விளங்கியது. துக்கத்தில் ஏதோ செய்கிறார் என்று நினைத்திருந்தேன். ஊர்க்காரர்கள் பார்த்துவிடாமல் அந்தக் கோட்டை அழித்துக்கொண்டு நின்றிருக்கிறார்.

ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன். “சொல்லி? செத்தது எந்திரிச்சா வரப்போவுது? அத்தன பேரும் கோவத்துல நிக்கான். நீங்க ஒத்தப் பொம்பள.” அவ்வளவுதான் சொன்னார். மன்னித்தேன் என்று சொல்லவில்லை. நானும் அதை எதிர்பார்த்துத்தான் போயிருக்கிறேன் என்பது அந்த நேரத்தில்தான் எனக்கே தெரிந்தது.

கொஞ்ச தூரத்தில் கரி பொறுக்கிக்கொண்டிருந்த அந்த அக்கா எழுந்து வந்தார். ஒரு காலத்தில் தன் சோற்றில் எனக்குப் பங்கு வைத்தவர். முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, கோபமே இல்லாத குரலில் சொன்னார்: “சொல்லியாச்சுல்லா. இனி ஒங்களுக்கு ஒறக்கம் வரும். இவிய இன்னமும் விடியக்காலம் எந்திரிச்சு உக்காந்து, ஆட்டுச் சத்தம் கேக்குதான்னு பாக்காவ. அதுக்கு நீங்க என்ன செய்விய?”

அண்ணாச்சி அவரை அதட்டவில்லை. “வெயில் ஏறுது, பஸ்ஸு போயிரும், பாத்துப் போங்க” என்று என்னிடம் மரியாதையாகச் சொல்லிவிட்டு, புகைகிற மூட்டத்துக்கு மண் போடப் போய்விட்டார்.

காதறுந்த ஆடும் அதன் குட்டியும் என்ன ஆயின என்று கேட்க நினைத்தேன், கேட்கவில்லை. அந்த இரண்டும் பிழைத்தன என்பது மட்டும் தெரியும். காணாமல் போனது பத்திரமாக இருந்தது. காவலில் இருந்ததுதான் செத்தது.

பாவத்தை அறிக்கையிட்டால் இரக்கம் கிடைக்கும் என்று விசுவாசிக்கிறவள் நான். இன்றைக்கும் விசுவாசிக்கிறேன். கர்த்தர் என்னை மன்னித்திருக்கலாம். ஆனால் அவர் மன்னிக்கிறதால் குளத்தூரில் ஒரு மனிதன் விடியற்காலையில் எழுந்து உட்காருவது நிற்கவில்லையே என்று நினைக்கும்போது எனக்கு ஜெபம் வராமல் போகிறது. முழங்காலில் சும்மா இருக்கிறேன். நாவலின் மூன்று அத்தியாயங்களும் ‘பின்னணி’ நோட்டும் பீரோவுக்கு அடியில் கிடக்கின்றன. ஏழாவது கேள்விக்கு எதிரே, யாரையாவது நிறுத்திவிட்டுத்தான் போயிருப்பான் என்று பாதி எழுதி நிற்கிறது. நிறுத்தப்பட்டவர் யார் என்று வேதம் சொல்லவில்லை, எனக்குத் தெரியும்.

வருடத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமையாவது சபையில் அந்த உவமை வாசிக்கப்படும்போது, எல்லாரும் தோளில் வருகிற அந்த ஒரு ஆட்டை நினைத்துச் சந்தோஷப்படுகிறார்கள். நான் மட்டும் இன்னும் அந்தக் கடவில், கையில் தொரட்டியோடு, யாரும் திரும்பிப் பார்க்காத அந்த மற்ற ஆடுகளின் பக்கத்திலேயே நின்றுகொண்டிருக்கிறேன்.